யுஎஸ்பி வைஃபை அடாப்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குவது: முதலில் சிப்பைப் பாருங்கள்

யுஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகி லினக்ஸ் கணினியை, போன்கள் வந்து இணையும் ஆக்சஸ் பாயின்ட் ஆக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் மல்லுக்கட்டுகிறார்கள். கணினியை ஆக்சஸ் பாயின்ட்டாக நடத்தும் நிரலான ஹோஸ்ட்ஏபிடியின் அமைப்புக் கோப்பைத் திறந்து வரிவரியாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோப்பு முதலிலேயே சரியாக இருந்திருக்கும். கோளாறு அடாப்டருக்குள் இருக்கும் சிப்பிலோ, அதன் டிரைவரிலோ, போர்ட் தரும் மின்சாரத்திலோ இருக்கும். அதனால் இந்தப் பதிவில் அமைப்புக் கோப்பு பிற்பாடுதான் வரும்.

கட்டளைகள், கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் வாயால் எப்படிச் சொல்வோமோ அப்படியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். அடாப்டரின் இன்டர்ஃபேஸ் பெயர் ஏபி0, அதன் முகவரி 192.168.50.1, இணையம் வரும் கம்பி இன்டர்ஃபேஸ் ஈத்0 என்று வைத்துக்கொள்வோம்.

விருந்தாளி வேறு, வீட்டுக்காரர் வேறு

வைஃபையில் கிளையன்ட் என்பது விருந்தாளி மாதிரி. வேண்டும்போது பேசலாம், சும்மா இருக்கும்போது ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கலாம். ஆக்சஸ் பாயின்ட்தான் வீட்டுக்காரர். அது தூங்கவே கூடாது. வழக்கமான அமைப்பில் 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை பீக்கன், அதாவது ‘இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு, அனுப்பியே ஆக வேண்டும். தூங்கும் போன்களுக்கு வரும் பாக்கெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, ‘உனக்குச் சரக்கு காத்திருக்கிறது’ என்று அடுத்த பீக்கனிலேயே குறிப்பிட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளை அதற்கென்று குறித்த பீக்கன் முடிந்த உடனே விட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் போன் அதற்குள் தூங்கிப்போயிருக்கும்.

மதர்போர்டில் செருகும் பிசிஐ அட்டைக்கு இது பெரிய விஷயமில்லை. கணினியின் நினைவகத்தை அது நேரடியாகத் தொடுகிறது. யுஎஸ்பி அப்படியில்லை. அடாப்டர் தானாகப் பேச முடியாது. கணினி கேட்கும்போதுதான் பதில் சொல்லும், அதுவும் 125 மைக்ரோவினாடித் துண்டுகளாகப் பிரித்த நேரத்தில், அதே பஸ்ஸில், அதாவது யுஎஸ்பியின் பொதுப் பாதையில், இருக்கும் மற்ற சாதனங்களோடு வரிசையில் நின்று. ஆகவே பீக்கனை நேரம் தவறாமல் விடும் வேலையைக் கணினியை நம்பி விட முடியாது, அடாப்டருக்குள்ளேயே சிப்பும் அதில் ஓடும் நிரலான ஃபர்ம்வேரும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல தயாரிப்பாளர்கள் அடாப்டரைக் கிளையன்ட் வேலைக்கு மட்டுமே எண்ணிச் செய்கிறார்கள், ஃபர்ம்வேரில் அந்தப் பகுதியை எழுதுவதே இல்லை. சில சிப்புகளில் பீக்கன் வரும், தூங்கும் கிளையன்ட்டைக் கையாள்வதில் குளறுபடி இருக்கும். மடிக்கணினி நன்றாக இணையும், போன் மட்டும் அரை நிமிடத்துக்கொருமுறை திணறும். இப்படி ஒரு அறிகுறியைப் பார்த்தால் அமைப்புக் கோப்பை மூடிவிட்டு வேறு அடாப்டர் தேடுவது நல்லது.

எந்தச் சிப்?

பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடல் எண்ணில் வேறு வேறு சிப் வருவது இந்தத் துறையில் சாதாரணம். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் நல்ல எடுத்துக்காட்டு. முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 இருந்தது, ஏபி (ஆக்சஸ் பாயின்ட்) வேலைக்குப் பெயர்போனது. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் 8188 வகைச் சிப் வந்துவிட்டது. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றே. எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் நிறுவன எண்ணும் பொருள் எண்ணும்தான் உண்மையான அடையாள அட்டை. அந்த இரண்டு எண்ணையும் சேர்த்துத் தேடினால் சிப் எது, கர்னலில் எந்த டிரைவர் என்று தெரிந்துவிடும். சில அடாப்டர்கள் செருகியதும் தங்களைச் சிடி டிரைவ் என்று அறிமுகம் செய்துகொள்ளும். விண்டோஸ் டிரைவரை உள்ளே வைத்து விற்பதற்கான வித்தை அது. யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் நிறுவினால் வேஷத்தைக் கலைத்து வைஃபை சாதனமாக எழுந்துகொள்ளும்.

லினக்ஸ் கர்னலோடு வரும் டிரைவரில் ஓடுகிற சிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. அந்த விதிக்குள் அடங்குபவற்றில் ஏஆர்9271-ஐ ஏடிஹெச்9கே-ஹெச்டிசி டிரைவர் ஓட்டுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஒற்றை ஆன்டெனா, காகிதத்தில் 150 மெகாபிட். பழையது, ஆனால் அடம்பிடிக்காது. ஒரு வரம்பு உண்டு. ஃபர்ம்வேரின் அட்டவணையில் இடம் குறைவு என்பதால் ஒரே நேரத்தில் ஏழெட்டுச் சாதனங்களுக்கு மேல் இணையாது. ஒன்பதாவது போன் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் வெளியே நிற்கும், காரணம் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வோம். ராலிங்க் ஆர்டி5370, ஆர்டி3070 இரண்டும் ஆர்டி2800யுஎஸ்பி டிரைவரில் ஓடுகின்றன. இவையும் 2.4 மட்டுமே. சின்ன வலையமைப்புக்குப் போதும்.

5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யு. கர்னல் 4.19 முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. இரண்டு ஆன்டெனா, 80 மெகாஹெர்ட்ஸ் அகலம், 867 மெகாபிட் இணைப்பு வேகம். ஏபி வேலைக்கு யுஎஸ்பி அடாப்டர் வாங்குகிறவருக்கு என் சிபாரிசு இதுதான். சில சிறு கணினிகளில், குறிப்பாக ராஸ்பெர்ரி பை 4-இல், யுஎஸ்பி 3 போர்ட்டில் இது பாதியில் உறைந்துபோவதுண்டு. எம்டி76-யுஎஸ்பி மாட்யூலுக்கு டிசேபிள்-யுஎஸ்பி-எஸ்ஜி என்ற அளவுருவை 1 என்று கொடுத்தால் அது சரியாகும். வைஃபை 6 வகையில் எம்டி7921ஏயு, கர்னல் 5.18 முதல்.

ரியல்டெக் கதை கொஞ்சம் சிக்கல். கர்னலில் இருக்கும் ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யு டிரைவர் வெகுகாலம் கிளையன்ட் வேலையை மட்டுமே செய்தது. நிறுவனத்தின் சொந்த டிரைவரை இறக்கித் தொகுத்தால் ஏபி வேலை செய்யும், ஆனால் கர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பத் தொகுக்க வேண்டும். டிகேஎம்எஸ் அதைத் தானாகச் செய்யும், தொகுப்பு உடையாத வரையில். உடைந்தால் மறுநாள் காலையில் வலையமைப்பே காணாமல் போயிருக்கும். கர்னல் 6.2 முதல் ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 8821சியு, 8822பியு போன்ற யுஎஸ்பி சிப்புகளையும் ஓட்டுகிறது, நிலைமை மாறி வருகிறது. கையில் இருப்பது ரியல்டெக் என்றால் முயன்று பார்க்கலாம். புதிதாக வாங்குவதற்கு அது முதல் தேர்வு அல்ல.

பாக்கெட் பிடிக்கும் மானிட்டர் மோட் வேலைக்குப் புகழ்பெற்ற அடாப்டர் எல்லாம் ஏபி வேலைக்கும் நல்லது என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அது வேறு திறமை, இது வேறு திறமை.

கையில் இருக்கும் அடாப்டரையே கேட்டுவிடலாம்

ஐடபிள்யூ லிஸ்ட் என்று தட்டினால் பக்கம் பக்கமாகக் கொட்டும். அதில் பார்க்க வேண்டியவை மூன்றே இடங்கள். ‘சப்போர்ட்டட் இன்டர்ஃபேஸ் மோட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் மேனேஜ்ட், மானிட்டர் என்று பட்டியல் வரும். அங்கே தனி வரியில் ஏபி என்று இருக்க வேண்டும். ஏபி/விலான் என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். ஏபி என்ற வரியே இல்லையென்றால் எந்த அமைப்புக் கோப்பாலும் அதை வரவழைக்க முடியாது.

இரண்டாவது இடம் ‘வேலிட் இன்டர்ஃபேஸ் காம்பினேஷன்ஸ்’. ஒரே அடாப்டரில் ஒரு பக்கம் வேறொரு வைஃபைக்குக் கிளையன்ட்டாகவும் மறுபக்கம் ஏபியாகவும் இருக்க முடியுமா என்பதை இது சொல்லும். மேனேஜ்ட் ஒன்று, ஏபி ஒன்று, மொத்தம் இரண்டு, சானல்கள் ஒன்று என்று இருந்தால் முடியும். ஆனால் கடைசி எண்ணைக் கவனியுங்கள். சானல் ஒன்று என்றால் மேலே இருக்கும் ரவுட்டர் எந்தச் சானலில் இருக்கிறதோ அதே சானலில்தான் நம் ஏபியும் இருந்தாக வேண்டும். ஹோஸ்ட்ஏபிடியில் 6 என்று எழுதிவிட்டு மேல் இணைப்பு 11-இல் இருந்தால் தொடங்காது. ஒரே ரேடியோ இரண்டு வேலை பார்ப்பதால் வேகமும் பாதியாகும். இணையத்துக்கு ஒன்று, ஏபிக்கு ஒன்று என்று இரண்டு அடாப்டர் வைத்துக்கொள்வதே நிம்மதி.

மூன்றாவது, அலைவரிசைப் பட்டியல். ஒவ்வொரு சானலுக்கும் எதிரில் ‘நோ ஐஆர்’, ‘ரேடார் டிடெக்ஷன்’, ‘டிசேபிள்ட்’ என்று குறிப்புகள் இருக்கும். நோ ஐஆர் என்றால் அந்தச் சானலில் முதலில் வாய் திறக்கும் உரிமை இல்லை, அதாவது பீக்கன் விட முடியாது. இதற்குக் காரணம் பெரும்பாலும் நாட்டுக் குறியீடு. ஐடபிள்யூ ரெக் கெட் என்று கேட்டால் 00 என்று வருகிறதா பாருங்கள். எந்த நாடு என்று தெரியாதபோது கர்னல் எடுக்கும் ஜாக்கிரதை நிலை அது. அதில் 2.4-இல் 1 முதல் 11 வரை மட்டும் ஏபிக்குத் திறந்திருக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் முழுக்க நோ ஐஆர். இருக்கும் நாட்டின் இரண்டெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் கதவு திறக்கும். கொடுத்தும் 00-இலேயே நின்றால் வயர்லெஸ்-ரெக்டிபி தொகுப்பு நிறுவப்படாமல் இருக்கலாம். நாட்டைப் பொய்யாக மாற்றி அதிகத் திறனில் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம் மட்டுமல்ல, பலனும் சொற்பம். ஏபி உரக்கக் கத்தலாம், போனின் பதில் அதே மெல்லிய குரலில்தான் திரும்பி வரும்.

ரேடார் குறிப்பு உள்ள 52 முதல் 144 வரையிலான சானல்களை யுஎஸ்பி அடாப்டரில் மறந்துவிடுங்கள். அங்கே ஏபி நடத்த ரேடாரைக் கண்டுபிடிக்கும் திறன் வேண்டும், தொடங்குமுன் குறைந்தது 60 வினாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். யுஎஸ்பி டிரைவர்கள் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. 36, 40, 44, 48-இல் ஒன்று, அல்லது நாட்டின் விதி அனுமதித்தால் 149-இலிருந்து மேலே.

மின்சாரமும் இரைச்சலும்

யுஎஸ்பி 2 போர்ட் தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 போர்ட் 900. கிளையன்ட்டாக இருக்கும்போது அடாப்டர் அவ்வப்போதுதான் பேசும். ஏபியாக, நாலு பேர் படம் பார்க்கும்போது இடைவிடாமல் ஒலிபரப்பும். அப்போது மின்னழுத்தம் சரிந்து அடாப்டர் தன்னைத்தானே மீட்டமைத்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பை 4-இல் நான்கு போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் தொங்கினால் கேட்கவே வேண்டாம். அறிகுறியைக் கர்னல் பதிவில் பார்க்கலாம். டிமெசேஜ் கட்டளையில் யுஎஸ்பி டிஸ்கனெக்ட் என்று வந்து உடனே புதிய சாதன எண்ணோடு மறுபடி தோன்றும், கூடவே கழித்தல் 71 அல்லது கழித்தல் 110 என்ற பிழை எண் இருக்கும். 71 என்பது பஸ்ஸில் பேச்சு குழம்பியது, 110 என்பது பதிலே வராமல் நேரம் கடந்தது. தனி மின்சாரம் உள்ள ஹப் ஒன்று இந்த இரண்டையும் பெரும்பாலும் தீர்க்கும். மெல்லிய, நீளமான கேபிளும் இதே கோளாறைத் தரும் என்பதால் ஹப்பை மாற்றுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது இரைச்சல். யுஎஸ்பி 3 இணைப்பின் 5 கிகாபிட் சைகை 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கக்குகிறது. இன்டெல் 2012-இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கின் பக்கத்துப் போர்ட்டில் 2.4 அடாப்டரைச் செருகினால் டிஸ்க்கில் நகல் எடுக்கும்போதெல்லாம் வைஃபை படுத்துவிடும். 2.4 அடாப்டருக்கு யுஎஸ்பி 2 போர்ட், ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள், இவ்வளவுதான் வைத்தியம். கணினியின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆன்டெனா வெளியே வருவதால் சிக்னலும் கூடும்.

மின் சேமிப்பும் ஒரு தொல்லை. மடிக்கணினிகளில் டிஎல்பி, பவர்டாப் போன்றவை யுஎஸ்பி சாதனங்களைத் தானாக உறங்கவைக்கும். ஏபி அடாப்டருக்கு அது ஆகாது. அந்தச் சாதனத்தின் பவர்/கன்ட்ரோல் கோப்பில் ‘ஆன்’ என்று எழுதும் யுடெவ் விதி (சாதனம் செருகப்படும்போது கணினி செய்ய வேண்டியதைச் சொல்லும் விதி) ஒன்று போட்டுவிடுங்கள்.

இனி அமைப்புக் கோப்பு

முதலில் பெயர். யுஎஸ்பி அடாப்டருக்கு சிஸ்டம்டி வைக்கும் பெயர் டபிள்யூஎல்எக்ஸ் என்ற மூன்று எழுத்தும் அதன்பின் மேக் முகவரியின் 12 எழுத்தும். மொத்தம் 15. லினக்ஸில் இன்டர்ஃபேஸ் பெயருக்கு அனுமதியும் சரியாக 15. பின்னால் ஒரு புள்ளியும் விலான் எண்ணும் சேர்க்க முயன்றால் இடமிருக்காது. மேக் முகவரியைப் பொருத்தி ஏபி0 என்று பெயரிடும் ஒரு லிங்க் கோப்பை சிஸ்டம்டியின் நெட்வொர்க் அடைவில் வைத்துவிடுங்கள். அடாப்டரைப் போர்ட் மாற்றிச் செருகினாலும் பெயர் மாறாது.

பிறகு நெட்வொர்க்மேனேஜரின் கையை எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஹோஸ்ட்ஏபிடி ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் இழுக்கும். என்எம்சிஎல்ஐ வழியாக ஏபி0-ஐ மேனேஜ்ட் நோ என்று வைப்பது அந்த நேரத்துக்கு மட்டும். நிரந்தரமாக வேண்டுமானால் அதன் கான்ஃப்.டி அடைவில் அன்மேனேஜ்ட்-டிவைசஸ் வரியைச் சேர்க்க வேண்டும். ஆர்எஃப்கில் லிஸ்ட் பார்த்து, மென்பொருள் பூட்டு இருந்தால் அன்பிளாக் செய்யுங்கள். டெபியனிலும் அதன் வழிவந்தவற்றிலும் ஹோஸ்ட்ஏபிடி சேவை நிறுவும்போதே முகமூடி போட்டு வரும். சிஸ்டம்சிடிஎல் அன்மாஸ்க் செய்யாமல் எனேபிள் மட்டும் செய்தால் ஒன்றும் நடக்காது.

ஹோஸ்ட்ஏபிடி கோப்பில் அவசியமான வரிகள் சொற்பம். இன்டர்ஃபேஸ் ஏபி0, டிரைவர் என்எல்80211, எஸ்எஸ்ஐடி, கன்ட்ரி-கோட், ஹெச்டபிள்யூ-மோட், சானல், டபிள்யூபிஏ 2, கீ-மேனேஜ்மென்ட் வரியில் டபிள்யூபிஏ-பிஎஸ்கே, ஆர்எஸ்என்-பேர்வைஸ் வரியில் சிசிஎம்பி, கடைசியாகக் கடவுச்சொல், 8 முதல் 63 எழுத்து. ஹெச்டபிள்யூ-மோட் என்ற வரியில் பலர் என் என்றோ ஏசி என்றோ எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே 2.4-க்கு ஜி, 5-க்கு ஏ, அவ்வளவுதான். என், ஏசி எல்லாம் தனி வரிகள், ஐஈஈஈ80211என் 1, ஐஈஈஈ80211ஏசி 1 என்று.

கோப்பை எழுதும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக் கூடாது. விட்டால் ‘இன்டர்ஃபேஸ்’ என்பதற்கும் ‘இன்டர்ஃபேஸ் இடைவெளி’ என்பதற்கும் வேறுபாடு பார்த்து, தெரியாத வரி என்று கோபித்துக்கொள்ளும். குறிப்பு எழுதுவதற்கான ஹேஷ் குறி வரியின் முதல் எழுத்தாக இருந்தால்தான் குறிப்பு. எஸ்எஸ்ஐடி வரியின் முடிவில் ஹேஷ் போட்டு ஏதாவது எழுதினால் அதுவும் வலையமைப்பின் பெயரில் சேர்ந்துவிடும். கடவுச்சொல்லின் பின்னால் தெரியாமல் விழுந்த ஒரு இடைவெளி கடவுச்சொல்லின் பகுதியாகிவிடும். ‘சரியான கடவுச்சொல்தான் கொடுக்கிறேன், மறுக்கிறது’ என்ற புகாரில் கணிசமான பங்கு இந்த இடைவெளிக்கு உண்டு. கடவுச்சொல் கோப்பில் வெளிப்படையாகக் கிடப்பதால் அனுமதி 600 என்று வைத்துவிடுங்கள்.

வேகம் 54 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். டபிள்யூஎம்எம்-எனேபிள்ட் 1 இல்லாமல் என் வகை வேகம் கிடையாது. பழைய கையேட்டிலிருந்து டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையின் பெயரை நகலெடுத்திருந்தாலும் கிடையாது. 2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்டாலும், அக்கம்பக்கத்தில் வேறு வலையமைப்புகள் தென்பட்டால் ஹோஸ்ட்ஏபிடி தானாகவே 20-க்கு இறங்கிவிடும். அதைத் தடுக்கும் ஒட்டுகள் (பேட்ச்) உலவுகின்றன. போடாதீர்கள், நெரிசலான இடத்தில் 20-தான் உண்மையில் வேகமாகப் போகும். 5-இல் 80 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஐஈஈஈ80211என்-உம் ஏசி-யும் 1, ஹெச்டி-கேப்பாப் வரியில் 40 மெகாஹெர்ட்ஸ் கூட்டல் திறன், விஎச்டி அகல வரியில் 1, மைய எண் வரியில், சானல் 36 என்றால் 42, சானல் 149 என்றால் 155. ஐடபிள்யூ லிஸ்ட் காட்டாத திறனை இங்கே எழுதினால் ஹோஸ்ட்ஏபிடி தொடங்காது.

டபிள்யூபிஏ3 வேண்டுபவர்கள் கீ-மேனேஜ்மென்ட்டில் எஸ்ஏஈ சேர்த்து ஐஈஈஈ80211டபிள்யூ வரியை 2 ஆக்க வேண்டும். பழைய போன்களும் இணைய வேண்டுமானால் பிஎஸ்கே, எஸ்ஏஈ இரண்டையும் எழுதி அந்த வரியை 1 ஆக்குங்கள்.

சேவையாக ஓட்டுமுன் ஹோஸ்ட்ஏபிடியை டெர்மினலில் நேராக, இரட்டை டி கொடியோடு ஓட்டிப் பாருங்கள். ஏபி-எனேபிள்ட் என்று வந்தால் ரேடியோ எழுந்துவிட்டது. பீக்கன் அளவுருக்களை அமைக்க முடியவில்லை என்று வந்தால் சிப்பையோ நாட்டுக் குறியீட்டையோ சந்தேகியுங்கள்.

முகவரியும் வழியும்

ஏபி0-க்கு 192.168.50.1/24 கொடுத்து, போன்களுக்கு முகவரி வழங்கும் நிரலான டிஎன்எஸ்மாஸ்க்கில் 192.168.50.10 முதல் 100 வரை, 12 மணி நேரக் குத்தகை என்று எழுதினால் போதும். சிஸ்டம்டி-ரிசால்வ்ட் ஓடும் கணினியில் போர்ட் 53 ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று டிஎன்எஸ்மாஸ்க் முரண்டு பிடிக்கும். ரிசால்வ்டைக் கொல்லத் தேவையில்லை. இன்டர்ஃபேஸ் ஏபி0, பைண்ட்-டைனமிக் என்ற இரண்டு வரி போட்டால் இருவரும் அவரவர் இடத்தில் இருப்பார்கள். பைண்ட்-இன்டர்ஃபேசஸை விட டைனமிக் நல்லது, ஏனென்றால் யுஎஸ்பி அடாப்டர் போய்ப் போய் வரும் பிறவி. அது திரும்பி வரும்போது டிஎன்எஸ்மாஸ்க் தானாகப் பற்றிக்கொள்ளும்.

சிஸ்சிடிஎல்லில் ஐபி-ஃபார்வேர்ட் 1, என்எஃப்டேபிள்ஸில் ஈத்0 வழியாக வெளியேறுவதற்கு மாஸ்கரேட் என்று ஒரு விதி, போன்களின் பாக்கெட்டுகளைக் கணினியின் முகவரியிலேயே வெளியே அனுப்புவது அது. இதுவரை எல்லாக் கையேட்டிலும் இருக்கும். அவை சொல்லாமல் விடுவது ஃபார்வேர்ட் சங்கிலி, ஒரு இன்டர்ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்குக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியல். டாக்கர் நிறுவிய கணினியில் அது அந்தச் சங்கிலியின் இயல்பை டிராப் என்று மாற்றிவிடும். யுஎஃப்டபிள்யூவும் அப்படியே. போனுக்கு முகவரி கிடைக்கும், 192.168.50.1-ஐப் பிங் செய்ய முடியும், இணையம் மட்டும் வராது. டாக்கர் இருந்தால் டாக்கர்-யூசர் சங்கிலியில் ஏபி0-க்கும் ஈத்0-க்கும் இடையே இரு திசையிலும் அனுமதி சேர்க்க வேண்டும். முகவரியே கிடைக்காமல் ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்று போன் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்வரும் யுடிபி 67 அடைபட்டிருக்கிறது. முகவரி வந்தும் தளங்களின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அடைபட்டிருப்பது 53. சில தளங்கள் திறந்து சில தளங்கள் பாதியில் தொங்கினால் மேல் இணைப்பின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500-க்குக் குறைவு, பிபிபிஓஈ என்றால் 1492. டிசிபி எம்எஸ்எஸ்ஸைப் பாதை அளவுக்கு இறுக்கும் விதி ஒன்று அதைத் தீர்க்கும்.

கணினிக்குக் கம்பி வழியாக இணையம் வந்து, மேலே ஏற்கெனவே ஒரு ரவுட்டர் இருந்தால் இந்த மாஸ்கரேட், டிஎன்எஸ்மாஸ்க் எதுவுமே வேண்டாம். ஈத்0-ஐ ஒரு பிரிட்ஜில் போட்டு, கணினியின் முகவரியைப் பிரிட்ஜுக்கு மாற்றி, ஹோஸ்ட்ஏபிடி கோப்பில் பிரிட்ஜ் வரியைச் சேர்த்தால் ஏபி0-ஐ அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். நேர்த்தியான வழி இதுதான். மேல் இணைப்பும் வைஃபை என்றால் மட்டும் இது நடக்காது. கிளையன்ட்டாக இணைந்த வைஃபை இன்டர்ஃபேஸ் தன் மேக் முகவரியில் மட்டுமே பேச முடியும், பின்னால் இருக்கும் போன்களின் மேக் முகவரியை மேல் ரவுட்டர் ஏற்காது. நான்கு முகவரி முறையை இரு முனையும் ஆதரித்தால் உண்டு, இல்லையேல் மாஸ்கரேட்தான் கதி.

இத்தனையும் வேண்டாம், அவசரத்துக்கு ஒரு ஹாட்ஸ்பாட் போதும் என்பவர்களுக்கு என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை ஹாட்ஸ்பாட் என்ற ஒரே கட்டளை இருக்கிறது. அது 10.42.0.1-இல் எல்லாவற்றையும் தானே அமைக்கும். டிஎன்எஸ்மாஸ்க் நிறுவியிருந்தால் போதும், சேவையாக ஓட வேண்டியதில்லை, ஓடினால் மோதும்.

இணைந்து இணைந்து அறுந்தால்

ஐடபிள்யூ டெவ் ஏபி0 ஸ்டேஷன் டம்ப் என்ற கட்டளை ஒவ்வொரு சாதனத்தின் சிக்னல், இணைப்பு வேகம், மறுமுயற்சி எண்ணிக்கை எல்லாவற்றையும் காட்டும். சிக்னல் கழித்தல் 75-க்குக் கீழே இருந்தால் தூரம் அல்லது சுவர். சிக்னல் கழித்தல் 50 என்று நன்றாக இருந்தும் மறுமுயற்சிகள் ஏறிக்கொண்டே போனால் இரைச்சல் அல்லது சானல் நெரிசல். ஹோஸ்ட்ஏபிடி பதிவில் ‘எக்செஸிவ் மிஸ்ஸிங் ஏக்ஸ்’ என்று சொல்லித் துண்டித்தால், போன் தூங்கியதைப் போனே போய்விட்டதாக அது எண்ணுகிறது என்று பொருள். டிஸ்அசோக்-லோ-ஆக் வரியை 0 ஆக்கினால் பொறுமையாகக் காத்திருக்கும். அடாப்டரே காணாமல் போய்த் திரும்பும் கணினியில் ஹோஸ்ட்ஏபிடி சேவையை ஏபி0 சாதனத்தோடு பைண்ட்ஸ்-டூ வரியால் கட்டி, யுடெவ் விதியில் சிஸ்டம்டி-வான்ட்ஸ் சேர்த்தால் சாதனம் வந்ததும் சேவையும் எழும். இதை மருந்தாக நினைக்காதீர்கள், ஊன்றுகோல்தான். ஹப்பை மாற்றுவதுதான் மருந்து.

வேகத்தை ஐபெர்ஃப்3 கொண்டு போனிலிருந்து 192.168.50.1 வரை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். டிசிபியில் இணைப்பு வேகத்தில் பாதிக்குச் சற்று மேல் வந்தால் ரேடியோ நலம். 867 மெகாபிட் அடாப்டர் யுஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டியிருந்தால் 300-ஐத் தாண்டுவது கடினம், காரணம் ரேடியோ அல்ல, பஸ்.

பிஎஸ்டி பக்கம்

ஃப்ரீபிஎஸ்டியில் எண்ணமே வேறு. சாதனம் தனி, அதன் மேல் உருவாக்கும் டபிள்யூலான்0 தனி. ரன்0 என்ற ராலிங்க் அடாப்டர் என்றால் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையில் கிரியேட் என்று சொல்லும்போதே டபிள்யூலான்மோட் ஹோஸ்ட்ஏபி என்றும் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது, அழித்துவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். திறன் உண்டா என்று பார்க்க லிஸ்ட் கேப்ஸ், அதில் ஹோஸ்ட்ஏபி என்ற சொல். ஹோஸ்ட்ஏபிடி அடிப்படை அமைப்பிலேயே இருக்கிறது, டிரைவர் வரியில் மட்டும் என்எல்80211-க்குப் பதிலாக பிஎஸ்டி. லினக்ஸ் கோப்பை அப்படியே நகலெடுத்தால் அந்த ஒரு வரியில்தான் விழும்.

ஓப்பன்பிஎஸ்டியில் ஹோஸ்ட்ஏபிடி என்ற பெயரில் இருப்பது முற்றிலும் வேறு நிரல், அதைத் தொடவே வேண்டாம். டபிள்யூபிஏ கர்னலுக்குள்ளேயே இருப்பதால் ஹோஸ்ட்நேம் கோப்பில் என்விட், டபிள்யூபிஏகீ, மீடியாஆப்ட் ஹோஸ்ட்ஏபி என்று ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். டிரைவரின் மேனுவல் பக்கத்தில் ஹோஸ்ட் ஏபி மோட் என்று பட்டியலிட்டிருக்கிறதா என்பதை மட்டும் வாங்குமுன் படித்துவிடுங்கள். கேவியட்ஸ் பகுதியையும் சேர்த்து.